புனர்பூசத்துக்கும் பூசத்துக்கும் நடுவே: ஜவ்வாது மலையில் ஒரு குறுநோவாவைத் தேடி

செவ்வாய், வேலூர்

இந்தப் பயணத்துக்கு நாள் குறிப்பதற்காக நான் முதலில் புரட்டியது வானியல் அட்டவணையை அல்ல, வீட்டில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்க நாட்காட்டியைத்தான். நான் பார்க்கப் போகும் யூ ஜெமினோரம் என்ற மாறொளி விண்மீன் மிதுன ராசியில், புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களுக்குத் தெற்கே, பூசக் கூட்டத்துக்கு மேற்கே இருக்கிறது. அது கிரகணப் பாதையை ஒட்டியே இருப்பதால் மாதந்தோறும் நிலவு அதன் பக்கமாக நடந்துபோகும். வள்ளிமலைக்கும் இரத்தினகிரிக்கும் காவடி எடுத்துப் போகிறவர்களுக்குத் தைப்பூசம் எவ்வளவு நல்ல நாளோ, இந்த விண்மீனைப் பார்க்கிறவனுக்கு அவ்வளவு ஆகாத நாள். முழு நிலவு அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். ஆகவே மாசித் தேய்பிறையைத் தேர்ந்தெடுத்தேன். சிவராத்திரியை ஒட்டிய இரவுகளில் நிலவு விடியலுக்குச் சற்று முன்புதான் எழும். அதற்குள் நம் வேலை முடிந்துவிடும்.

ஏன் இந்த விண்மீன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூ ஜெமினோரம் உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள். ஒன்று சூரியனைவிடச் சற்று அதிக நிறையைப் பூமி அளவு உடலுக்குள் அடக்கி வைத்திருக்கும் வெண்குள்ளன். மற்றொன்று குளிர்ந்த செங்குள்ளன். இரண்டும் நாலேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை, துல்லியமாகச் சொன்னால் 4 மணி 14 நிமிடம் 45 வினாடியில், ஒரு சுற்றை முடிக்கின்றன. செங்குள்ளனிலிருந்து வழியும் வாயு நேரே வெண்குள்ளன்மேல் விழாமல் அதைச் சுற்றி ஒரு வட்டாகப் படிகிறது. இந்த வட்டு சராசரியாக நூறு நாளுக்கு ஒருமுறை, ஆனால் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாதபடி, திடீரென்று பிரகாசமடைகிறது. இதுதான் எழுச்சி; இப்படி மீண்டும் மீண்டும் எழுந்து அடங்கும் இரட்டைகளைத்தான் குறுநோவா என்கிறார்கள். அதே வேளையில், நம் பார்வைக் கோணத்தின் காரணமாக ஒவ்வொரு சுற்றிலும் செங்குள்ளன் வட்டின் ஒரு பகுதியை மறைத்துவிட்டுப் போகிறது. எழுச்சிக்கு நேரங்காலம் கிடையாது, மறைப்போ வினாடி பிசகாது. இந்த இரண்டையும் ஒரே விண்மீனில் பார்க்கலாம் என்பதுதான் என்னைப் பிடித்து இழுத்தது.

இதைவிட ஆழமான மறைப்பு காட்டும் குறுநோவாக்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இசட் கமீலியோண்டிஸ் தென்துருவத்துக்கு நெருக்கம். வேலூரில் அது தொடுவானத்தை விட்டு எழுவதே அரிது. ஐபி பெகாசியும் எச்டி காசியோப்பியாவும் உச்சிக்கு வரும் மாதங்களில் இங்கே வடகிழக்குப் பருவமழை. எச்டி காசியோப்பியா கால் நூற்றாண்டுக்குப் பின் பேரெழுச்சி கண்டதே 2010 நவம்பரில்தான் என்றால் நம் ஊர்க்காரர்களின் கொடுப்பினையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்தில் தெளிந்த வானம், இரவு பத்து மணியை ஒட்டி ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கும் விண்மீன் என்ற இரண்டும் சேர்ந்து அமைவது யூ ஜெமினோரத்துக்குத்தான்.

புதன், ஆலங்காயம் வழியாக மலைக்கு

நண்பரின் காரில் எட்டு அங்குலத் தொலைநோக்கி, அதைத் தாங்கும் முக்காலி, ஒளிப்படக் கருவி, மடிக்கணினி, இன்வெர்ட்டர் பேட்டரி என்று அனைத்தையும் அடைத்த பிறகு எங்கள் இருவருக்கும் உட்கார மட்டும் இடம் மிஞ்சியது. ஆம்பூரில் பிரியாணி பார்சல் வாங்கிக்கொண்டு, வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு ஆலங்காயம் சாலையில் திரும்பினோம். அங்கிருந்து மலைப்பாதை. இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம். 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்தபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. தபால் முகவரியில் எதை எழுதுவது என்று மலைமேல் இருப்பவர்களுக்கே இன்னும் குழப்பம்தான்.

காவலூருக்கு அருகில் ஒரு சிற்றூரில், சாமை பயிரிடும் குடும்பத்தின் வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தோம். வீட்டுக்கார அம்மா எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "கல்யாண வீடியோ எடுக்கிறவங்களா, தம்பி?" என்று கேட்டார். நட்சத்திரம் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் அவருக்கு வியப்பு எதுவும் இல்லை. காவலூரின் பெரிய வான் ஆய்வகத்துக்கு அரை நூற்றாண்டாக இப்படி ஆள்கள் வந்துபோவதைப் பார்த்த ஊர் அது.

இரவு 8.40க்கு ஒரு மறைப்பு இருந்தது. முக்காலியைத் துருவத்துக்கு நேராக்கி முடிப்பதற்குள் அது கடந்துவிட்டது. அடுத்தது நள்ளிரவுக்கு மேல் 12.55க்கு. அதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறிவிட்டது.

வியாழன்

மேகம். 10.08க்கு வர வேண்டிய மறைப்பு எங்கள் கண்ணில் படாமலே நடந்து முடிந்தது.

வெள்ளி

நாங்கள் வந்ததற்கு முழுப் பலன் தந்த முதல் இரவு இது. நேரக் கணக்கை இங்கே விளக்கிவிடுகிறேன். இந்த விண்மீனைத் தொடர நினைப்பவர்களுக்குப் பயன்படும். ஆறு சுற்றுக்கு 25 மணி 28 நிமிடம் ஆகிறது. எனவே ஓர் இரவில் பார்த்த மறைப்பு மறுநாள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தள்ளி வருகிறது. பதினேழு சுற்றுக்கு 72 மணி 11 நிமிடம். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை அதே நேரத்துக்கு, 11 நிமிடம் மட்டும் தாமதமாக, மறைப்பு திரும்பி வருகிறது. இந்தக் கணக்கின்படி வெள்ளி இரவில் 7.22க்கு ஒன்று, 11.37க்கு ஒன்று. முன்னதை அந்தி வெளிச்சத்தின் மிச்சம் கெடுத்துவிடும் என்பதால் பின்னதைக் குறிவைத்தோம்.

ஓய்வு நிலையில் யூ ஜெமினோரத்தின் பொலிவெண் 14ஐ ஒட்டி இருக்கும். பொலிவெண் கூடக்கூட விண்மீன் மங்கல் என்று பொருள். வெறும் கண்ணுக்கு எட்டும் எல்லையான 6ஐவிட அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடங்கு மங்கல். ஒரு நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்து, அதே படத்தில் பக்கத்தில் இருக்கும், பொலிவு மாறாத இரண்டு விண்மீன்களோடு ஒப்பிட்டு அளந்துகொண்டே போனோம். மெல்லிய மேகம் கடந்தாலும் மூன்றும் சேர்ந்தே மங்கும் என்பதால் வேறுபாடு கெடாது. ஒப்பீட்டு விண்மீன்களின் பொலிவெண்களை 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்தின் வரைபடத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். அந்த வரைபடங்களில் தசமப் புள்ளி போடுவதில்லை. போட்டால் அதுவும் ஒரு விண்மீன் போலத் தெரியும் என்பதால் 13.8ஐ 138 என்றே அச்சிட்டிருப்பார்கள்.

பத்து மணிவாக்கில் வளைகோடு மெதுவாக மேலேறத் தொடங்கியது. செங்குள்ளனிலிருந்து வரும் வாயுத்தாரை வட்டின் விளிம்பில் மோதும் இடம் சுட்டு ஒளிர்கிறது. அந்த ஒளிப்புள்ளி சுற்றிவந்து நம் பக்கம் திரும்பும் வேளையில் இந்த ஏற்றம் தெரிகிறது. ஏற்றத்தின் நடுவே புள்ளிகள் ஒரே சீராக வரவில்லை, ஒவ்வொரு நிமிடமும் மேலும் கீழுமாகத் துடித்தன. அளவீட்டுப் பிழையோ என்று நண்பர் ஒப்பீட்டு விண்மீன்களை ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்த்தார். அவை இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஆடாமல் அசையாமல் இருந்தது. துடிப்பு யூ ஜெமினோரத்தினுடையதேதான். பிறகு பதினொன்றரையைத் தாண்டிய சில நிமிடங்களில் ஒரு புள்ளி கீழே இறங்கியது, அடுத்தது அதற்கும் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே. செங்குள்ளன் ஒளிப்புள்ளியின் மீது ஏறிவிட்டது. இறங்கும்போது துடிப்பும் கூடவே அடங்கியதைத் திரையில் பார்த்தோம். துடிப்பின் பெரும்பகுதி எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து கோடு பழைய மட்டத்துக்கு வந்தது.

இந்த விண்மீனில் வெண்குள்ளன் முழுதாக மறைக்கப்படுவதில்லை. பாதைத் தளம் நமக்குச் சுமார் 70 பாகை சாய்ந்திருப்பதால் செங்குள்ளனின் விளிம்பு வட்டின் ஒரு பக்கத்தையும் ஒளிப்புள்ளியையும் மட்டுமே தடவிச் செல்கிறது. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், எது மறைந்தது, எது மறையவில்லை என்று பிரித்தறிய இந்த அரைகுறை மறைப்புதான் வசதி. இந்த விண்மீனில் மறைப்பு நிகழ்வதை 1965இல் வெளியிட்டவர் கிர்செமின்ஸ்கி என்ற வானியலாளர். எழுச்சி இரட்டை விண்மீன்களின் வேலைதான் என்பது நிலைபெற்றதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான்.

சனி, காவலூர்

சனிக்கிழமைகளில் வைணு பாப்பு வான் ஆய்வகத்தில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம் என்பதால் பகலில் அங்கே போனோம். 1960களின் இறுதியில் வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் இது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் வட வானமும் தென் வானமும் ஒருசேர எட்டும். அவர் 1982இல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் ஆடியை இந்தியாவிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள் என்பதைக் கேட்கும்போது, எட்டு அங்குல ஆடியைத் துடைப்பதற்கே நடுங்கும் எனக்கு வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

எங்கள் வேலையோடு நேரடித் தொடர்புள்ளது 1 மீட்டர் தொலைநோக்கியின் கதை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. அந்த மறைப்புக்கு முன்பே விண்மீனின் ஒளி சற்று நேரம் குறைந்ததைக் காவலூரில் பதிவு செய்தார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடல்மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானமும் அத்தகைய சரிவுகளைப் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாத ஒன்றின் வடிவத்தை, அதன் குறுக்கே வேறொன்று போகும்போது ஒளி குறையும் விதத்தைக் கொண்டு அறிவது என்ற அதே முறையைத்தான் நாங்களும் மாடியில் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறோம்.

யூ ஜெமினோரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. 1855 டிசம்பரில் இலண்டனில் ஜான் ரசல் ஹிண்ட் இதைக் கண்டுபிடித்தார். சில நாளிலேயே மங்கிப்போன அது 1856இல் மீண்டும் எழுந்தபோது நோக்கியவர் நார்மன் போக்சன். அதே ஆண்டில்தான் ஐந்து பொலிவெண் வேறுபாடு என்றால் சரியாக நூறு மடங்கு என்ற அளவுகோலை அவர் முன்வைத்தார். 1861இல் சென்னை வான் ஆய்வகத்துக்கு வந்து இறுதிவரை இங்கேயே பணியாற்றினார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். நுங்கம்பாக்கத்தில் இந்த மரபு ஒரு காலத்தில் எவ்வளவு உயிர்ப்போடு இருந்தது என்பது நம் பள்ளிப் பாடங்களில் வரலாம், வருவதில்லை.

இரவு 8.51க்கு வந்த மறைப்பும் வெள்ளிக்கிழமையின் அச்சாகவே இருந்தது. நண்பர் சலித்துக்கொண்டார். எனக்கு அதில் சலிப்பில்லை. ஓய்வு நிலையில் வட்டு எவ்வளவு அகலம், ஒளிப்புள்ளி எவ்வளவு வெளிச்சம் என்று கையில் பதிவு இல்லாமல், எழுச்சி வந்த பிறகு மட்டும் ஓடிவந்து படம் எடுப்பவர்களால் "பிரகாசமாக இருந்தது" என்பதற்குமேல் அதிகம் சொல்ல முடியாது.

ஞாயிறு, சிவராத்திரி

ஊர்க் கோயிலில் மாலையிலிருந்தே ஒலிபெருக்கி. வீட்டுக்கார அம்மா படியேறி வந்து, "முழிக்கிறதுதான் முழிக்கிறீங்க, கோயில்ல வந்து முழிச்சா புண்ணியமாவது கிடைக்கும்ல?" என்றார். "நாளைக்கு வர்றோம்மா" என்றேன். "நாளைக்கு யாரு முழிப்பா?" என்று சொல்லிவிட்டு, வேகவைத்த மொச்சையை ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஏழரை மணிக்கு முதல் படம் திரையில் வந்தபோது தொலைநோக்கி வேறு விண்மீன்களை நோக்கித் திரும்பிவிட்டதோ என்று ஐயப்பட்டு வரைபடத்தோடு இருமுறை ஒப்பிட்டோம். இடம் சரியாகவே இருந்தது. ஆனால் நேற்று வரை மங்கலான புள்ளியாக இருந்த யூ ஜெமினோரம் பக்கத்து ஒப்பீட்டு விண்மீனை மிஞ்சி நின்றது. பொலிவெண் 12.5, எட்டரைக்கு 12.3. எழுச்சி தொடங்கிவிட்டது, அதுவும் உச்சம் அல்ல, ஏறுமுகம்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை ஏரியை வைத்துச் சொல்லலாம். மழைக்கு மழை நீர் சேர்ந்துகொண்டே வரும் ஏரி, ஒரு மட்டத்தைத் தாண்டியதும் கலங்கல் வழியாகப் பாயத் தொடங்குகிறது. வட்டில் சேரும் வாயுவும் அப்படியே குவிகிறது. அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டினால் வெப்பம் ஏறி ஐதரசன் அயனியாகத் தொடங்குகிறது; அயனியான வாயு வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைப்பதால் மேலும் சூடாகிறது; உராய்வு கூடி, குவிந்திருந்த வாயு வெண்குள்ளனை நோக்கி வேகமாக இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றலே நாம் காணும் ஒளி. 1974இல் ஜப்பானிய வானியலாளர் யோஜி ஒசாக்கி முன்வைத்த இந்த வட்டு நிலைகுலைவுக் கருத்தே இன்று பெரிதும் ஏற்கப்பட்டிருக்கிறது. நோவாவில் நடப்பது போல அணுக்கரு வெடிப்பு எதுவும் இதில் கிடையாது. எல்லாம் பாய்ந்து தீர்ந்ததும் வட்டு குளிர்ந்து மீண்டும் குவிப்பு தொடங்குகிறது. யூ ஜெமினோரத்தில் சில எழுச்சிகள் ஒரு வாரத்துக்குள் அடங்கும், சில இரண்டு வாரம் நீடிக்கும். 1985இல் வந்த ஒன்று ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது.

ஏறுமுகத்தில் ஒரு மறைப்பு கிடைப்பது அரிது, ஏனெனில் ஏற்றமே ஓரிரு நாளில் முடிந்துவிடும். 10.19க்குக் காத்திருந்தோம். மறைப்புக்கு முன் வழக்கமாகத் தெரியும் ஏற்றம் இம்முறை இல்லை; வட்டின் மொத்த வெளிச்சத்தில் ஒளிப்புள்ளி அமுங்கிப்போயிருந்தது. சரிவு வந்தது, ஆனால் வெள்ளியன்று பார்த்த செங்குத்தான பள்ளம் அல்ல. அகலமான, ஆழம் குறைந்த தாழ்வு. கோடு முழுவதும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்போது தாழ்வின் அடிப்புள்ளி உண்மையான நேரத்துக்கு முன்னதாக வந்தது போலத் தோன்றும். ஆகவே இருபுறத்துச் சாய்வையும் ஒரு நேர்கோடாகக் கணித்துக் கழித்த பிறகுதான் நேரத்தை அளக்க வேண்டும். அப்படிக் கழித்தும் தாழ்வு அகலமாகவே இருந்தது. ஒளிர்வது ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டின் பெரும்பரப்பாக மாறிவிட்டால் இப்படித்தான் இருக்க வேண்டும். எழுச்சி வட்டின் வெளிவிளிம்பில் தொடங்கி உள்ளே பரவியதா, உள்ளிருந்து வெளியே வந்ததா என்ற கேள்விக்கு ஒரே ஒரு மறைப்பை வைத்துத் தீர்ப்பு எழுத நான் தயாராக இல்லை.

நண்பர் உடனே அமெரிக்க நோக்கர் சங்கத்துக்கும் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மாறொளி விண்மீன் வலையமைப்புக்கும் செய்தி அனுப்பினார். ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பதிவு அறுபடாமல் இருக்க நம் தீர்க்கரேகையில் ஆள் வேண்டும். ஆறு அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கும் தமிழ்நாட்டு ஆர்வலர்கள் சனிக் கோளையும் நிலவையும் படமெடுப்பதோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமே.

திங்கள்

பொலிவெண் 9.4. ஒரே இரவு கடந்திருக்க, நேற்றைய முதல் படத்தைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் வெளிச்சம். ஒரு நிமிடப் படத்தில் விண்மீன் நிரம்பி வழிந்து அளக்க முடியாமல் போகும் என்பதால் படத்துக்குப் பத்து வினாடியாகக் குறைத்தோம். பழைய ஒப்பீட்டு விண்மீன்கள் அந்தக் குறைந்த நேரத்தில் மங்கிவிட்டதால் அதே புலத்தில் பிரகாசமான வேறொன்றைப் பிடித்தோம். தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்க வீட்டுக்கார அம்மாவையும் அழைத்தோம். அவர் பார்த்துவிட்டு, "இம்புட்டூண்டுக்கா?" என்றார். நியாயமான கேள்விதான். அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டுச் சுமார் 300 ஆண்டுகள் ஆகின்றன என்று சொன்னதும் மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தார்.

11.48 மறைப்பு மிக ஆழங்குறைந்த ஒரு பள்ளம். தெரியாதவர்களிடம் காட்டினால் மேகம் என்பார்கள். உச்சத்தில் வெளிச்சத்தின் பெரும்பங்கு வட்டின் உட்பகுதியிலிருந்து வருகிறது, செங்குள்ளனோ அந்த உட்பகுதியை எட்டுவதில்லை. மறைப்பு இவ்வளவு சிறுத்ததே ஒளி எங்கே இருக்கிறது என்பதற்குச் சான்று.

செவ்வாய், மீண்டும் வேலூர்

மதியம் இறங்கிவிட்டோம். பொலிவெண் 9 என்பதால் இனி மலை தேவையில்லை. சத்துவாச்சாரியில் தெருவிளக்குக்கு நேர் எதிரே இருக்கும் என் மாடியிலிருந்தே 9.01 மறைப்பை அளந்தேன். புள்ளிகள் கொஞ்சம் சிதறின, ஆனாலும் தாழ்வு தெரிந்தது. எல்லா நேரங்களையும் சூரியனின் இடத்திலிருந்து பார்த்தது போலத் திருத்தி எழுத வேண்டும். மாசியில் பூமி இந்த விண்மீனின் பக்கமாக இருப்பதால் ஒளி நம்மை ஆறேழு நிமிடம் முன்னதாகவே எட்டிவிடுகிறது. இதைச் சேர்க்காமல் அனுப்பும் நேரங்கள் யாருக்கும் உதவா.

அடுத்த வசதியான மறைப்பு வெள்ளி இரவு 9.12க்கு. வளர்பிறை நிலவு ஏகாதசி வாக்கில் மிதுனத்துக்கு வந்துவிடும். அதற்குள் வட்டு மங்கி ஒளிப்புள்ளியின் செங்குத்துச் சரிவு மீண்டும் தலைகாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் எட்டிவிடும் தொலைவில், அமிர்தி பக்கம் இருட்டான ஓரிடம் பார்த்து வைத்திருக்கிறேன்.